ஒத்த நிக்குது

செல்வராஜுக்குக் கோபம் வந்தால் முதலில் பேனாவைத்தான் தேடுவார். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சேஃப்டி சூப்பர்வைசர். பதினாறு வருஷ சர்வீஸ். யாருக்காவது கையில் அடிபட்டால் ரத்தம் நிற்பதற்குள் படிவத்தை எடுத்துவிடுவார். அதில் கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'தவறு யாருடையது' என்று அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் அடிபட்டவன் பெயரைத் தவிர வேறு பெயர் இருந்து வைஷாலி பார்த்ததில்லை.

அந்தப் படிவங்களை வீட்டில் உட்கார்ந்து நகல் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவருடைய மூத்த மகள், இருபது வயது. பகலில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத்தில் வேலை. சாயங்காலம் மின்சார ரயில் பிடித்துச் செங்கல்பட்டு போய்த் தமிழ்ச் சுருக்கெழுத்து வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போன தை மாதம் பிரஸ் மெஷினில் சதாசிவம் என்பவருக்கு இரண்டு விரல் போனபோது, 'கையுறை அணியவில்லை. தவறு: சதாசிவம்' என்று அழகாக எழுதிக் கொடுத்தாள். கையுறை ஸ்டாக் தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று அதற்கு முந்தின வாரம்தான் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் அலுத்துக்கொண்டிருந்தார். எழுதும்போது அது ஞாபகம் வந்தது. ஆனால் தான் சரியாகத்தான் கேட்டோமா, மூன்று வாரம் என்றாரா மூன்று நாள் என்றாரா என்று தன்னையே குடைந்துகொண்டு, கடைசியில் பேசாமல் இருந்துவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. பூத்தில் ஒரு நம்பரைச் சுழற்றுவதற்கு முன் மூன்று தடவை சரிபார்ப்பாள்.

அது 1998. மே மாதம் வந்ததும் செல்வராஜுக்குத் திடீரென்று மலை மேல் ஆசை வந்தது. வருஷா வருஷம் லீவுக்கு மகாபலிபுரம்தான் போவார்கள்.

"எத்தினி நாளைக்குத்தான் அதே கடலு, அதே சுண்டலு? காடு பாக்கலாம். நெஜ ஆனை பாக்கலாம்" என்றார்.

"ஆனை தொரத்துச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றாள் பார்வதம், அவர் மனைவி.

"மகாபலிபுரத்து ஆனை மேல ஏறி போட்டோ எடுத்தவன் நானு."

"அது கல்லு, நைனா" என்றான் விஷால். பன்னிரண்டு வயது, வீட்டில் கடைக்குட்டி.

"கல்லோ மண்ணோ. ஆனை ஆனைதான்."

எல்லாரும் சிரித்தார்கள். வைஷாலியும் சிரித்தாள்.

ராத்திரி ரயிலேறி, காலையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் பார்வதம் இரண்டு தடவை வாந்தி எடுத்து, கருமுடி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரத்தாலான ஒரு விடுதியில் அறை கிடைத்தது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை. சத்தம் போடாதீர்கள், பளிச்சென்ற துணி உடுத்தாதீர்கள், வழிகாட்டியை முந்தாதீர்கள் என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. வைஷாலி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இன்னா உத்து உத்துப் படிச்சிகினு கீற? இந்த மாதிரி போர்டு எழுதி மாட்டுறதே என் வேலை. நானே எழுதினத நானே படிக்கணுமா?"

"நீ எழுதின போர்டு இல்லையே நைனா இது."

"எல்லா போர்டும் ஒண்ணுதான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, 'போர்டு வெச்சோமே' அப்டின்னு சொல்றதுக்கு."

அன்று மத்தியானம் அருவிக்குப் போனார்கள். தண்ணீர் பனிக்கட்டியாய் இருந்தது. விஷால் குதித்துவிட்டு, பல் கிட்டிக்கொள்ள, "சூப்பரு, சூப்பரு" என்று கத்தினான். செல்வராஜ் கம்பி வேலியைத் தாண்டி ஒரு பாறைமேல் ஏறி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார். திரும்பி வரும்போது பார்வதத்தின் கணுக்காலில் நாலு அட்டை. அவள் போட்ட கூச்சலில் குரங்குகள் மரம் விட்டு மரம் பாய்ந்தன. உப்பு வைத்தால் உதிர்ந்துவிடும் என்று விடுதிச் சமையல்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் செல்வராஜ் அவற்றைப் பிடுங்கி எறிந்தார். ரத்தம் ராத்திரி வரை நிற்கவில்லை. "நீ ஏன் புல்லுல கால வெச்ச?" என்று அவளைத்தான் திட்டினார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் காட்டு நடை. கூட்டிப்போக வந்தவர் பெயர் சின்னராசு. நாற்பது வயசு இருக்கும். காக்கிச் சட்டை, வெறுங்கால், கையில் ஒரு அரிவாள். தினக்கூலிக் காவலர். அதிகம் பேசவில்லை. விஷாலின் சிவப்பு பனியனைப் பார்த்து, "இத மாத்திட்டு வந்தா நல்லாருக்குமுங்க" என்றார்.

"பேஜாரு பண்ணாதய்யா. ஏற்கெனவே லேட்டு" என்றார் செல்வராஜ்.

சின்னராசு தன் துண்டை எடுத்துப் பையன் தோளில் சுற்றிவிட்டு முன்னால் நடந்தார். அவர் பின்னால் செல்வராஜ், பிறகு விஷால், வைஷாலி, கடைசியில் பார்வதம். பனி இன்னும் கலையவில்லை. புல்வெளி தாண்டி மூங்கில் புதர்கள் தொடங்கின. ஒரு மலை அணில் கிளையில் தொங்கியது. அதன் வாலைக் காட்டி விஷால் ஏதோ கேட்க, சின்னராசு திரும்பி உதட்டில் விரலை வைத்தார். வைஷாலி எண்ணிக்கொண்டே வந்தாள். இரண்டு ஓடை தாண்டியாயிற்று. மூன்றாவது வளைவு.

மூன்றாவது வளைவில் சின்னராசு நின்றார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி வழியை மறித்தார். திரும்பாமலே, மூச்சுக் குரலில் சொன்னார்.

"ஒத்த. ஒத்த நிக்குதுங்க."

வைஷாலிக்கு ஒரு பழக்கம். காதில் விழும் சொல்லை விரலால் தொடையில் சுருக்கெழுத்தாகக் கீறிப் பார்ப்பாள். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பஸ்ஸில், ரயிலில், எங்கும் இதே வேலை. அப்போதும் விரல் தானாகக் கீறியது. ஒத்த. ஒத்த நிக்குதுங்க.

மூங்கில் சந்தில் தெரிந்தது. முதலில் பாறை என்று நினைத்தாள். பிறகு அந்தப் பாறைக்கு ஒரு தந்தம் இருந்தது. ஐம்பது அறுபது அடிதான் இருக்கும். முதுகு பாதி இவர்கள் பக்கம்.

"ஒண்டிதானா?" என்றார் செல்வராஜ், சாதாரணக் குரலில். "ஒண்டி ஆனைக்கா இந்த பில்டப்பு? நான் பத்து இருவது கீதாக்கும்னு நெனச்சேன்."

நீட்டியிருந்த கையை ரயில்வே கேட்டைத் தூக்குவதுபோலத் தூக்கிவிட்டு அதன் அடியில் குனிந்து போனார். போகும்போதே விஷால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "வாடா, ஒரு போட்டோ. ஆனை பின்னால தெரியணும். துண்டு வேணாம், எடு, கலரு தெரியட்டும்."

"சார்... சார்..." என்றார் சின்னராசு. உரக்கக் கத்தவும் முடியாது, விடவும் முடியாது.

துண்டு கீழே விழுந்தது. செல்வராஜ் கேமராவைத் தூக்கினார். பளிச் என்று ஃப்ளாஷ் அடித்தது.

அது திரும்பியது. காதுகள் விரிந்தன. அடுத்து நடந்ததை வைஷாலி பிற்பாடு எத்தனை தடவை வரிசைப்படுத்தினாலும் ஒரே வரிசைதான் வந்தது. அப்பா ஓடினார். அவள் பக்கமாக ஓடி, அவளைத் தாண்டி, அம்மாவையும் தாண்டிப் போனார். விஷால் நின்ற இடத்திலேயே நின்றான். சின்னராசு அரிவாளைப் போட்டுவிட்டு யானையை நோக்கி ஓடினார். "ஏய்... ஹோ... ஹோ..." என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே கீழே கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றி வீசினார். இன்னொரு கையால் விஷாலைப் பள்ளத்தில் தள்ளினார். தானும் அவன்மேல் விழுந்தார்.

யானை பத்தடியில் நின்றது. மண்ணைக் காலால் வாரி இறைத்தது. துண்டைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல மூங்கிலுக்குள் போய்விட்டது.

பள்ளத்திலிருந்து விஷால் அலறினான். இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. சின்னராசுவுக்கு முழங்கை, கன்னம் எல்லாம் முள் கிழித்து ரத்தம்.

பூங்கா வாசலில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் விஷாலுக்கு மட்டை வைத்துக் கட்டினார்கள். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் செல்வராஜுக்கு மூச்சு திரும்பிவிட்டது. மூச்சோடு கோபமும் வந்தது. பதினொரு மணிக்கு ரேஞ்சர் ஆபீசில் அவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள கைய ஒடச்சிட்டான் சார் உங்க ஆளு! ஆனை தொடல சார். இவன் புடிச்சுத் தள்ளினான். ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லல. நான் சேஃப்டி ஆளு. எனக்குத் தெரியாதா?"

ரேஞ்சர் இளைத்த மனிதர். கண்ணில் தூக்கமில்லை. "எழுதிக் குடுங்க சார்" என்றார். "எழுத்துல புகார் வந்தா நிறுத்தித்தான் ஆகணும். தினக்கூலி ஆளு. இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம்."

"நிறுத்துங்க. அதான் எனக்கு வேணும்."

சின்னராசு வெளியே படியருகில் நின்றிருந்தார். உள்ளே பேசுவது அவருக்கும் கேட்டது. கன்னத்தில் பச்சிலை அப்பியிருந்தது. வைஷாலி எழுந்து வெளியே போனாள்.

"அண்ணே, ஒத்தன்னா இன்னா?"

அவர் அவளைப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பதுபோல இருந்தது பார்வை.

"ஒத்தைன்னா ஒத்தைதானுங்க. கூட்டத்த விட்டுப் பிரிஞ்ச ஆம்பள. கூட்டமா நின்னா சத்தமில்லாம சுத்திப் போயிரலாமுங்க. ஒத்தைய நம்ப முடியாது. அது நிக்கிற பக்கம் நாங்களே போமாட்டோம்."

"அத்த எங்க நைனாகிட்ட சொல்லி இருக்கலாமே?"

"சொன்னேனுங்களே. ஒத்த நிக்குதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். காட்டுக்குள்ள அது பேரச் சொல்ல மாட்டோமுங்க. ஒத்தைன்னு காதுல விழுந்தா எங்க வீட்டுக் கொளந்தகூடத் திரும்பி ஓடியாந்துரும்."

சொல்லியிருக்கிறார். உயிர் போகிற விஷயத்தை ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அது எண்ணிக்கையாகப் போய்விட்டது. அப்படியென்றால் இது யார் தப்பு? அவளும்தானே 'ஒண்ணு' என்று எடுத்துக்கொண்டாள்? ஒரு கணம், அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் கை? நீட்டிய கைக்கு எந்த ஊரில் வேறு அர்த்தம்?

"வைஷு! எங்க போன? வந்து எழுது" என்று உள்ளிருந்து குரல்.

ரேஞ்சர் நாலு வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டு ஒயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிட, பக்கத்து அறைக்குப் போனார். பார்வதம் விஷாலை மடியில் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். செல்வராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பெனியில் நடப்பதுபோல நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"நாள், நேரம் போடு. இடம் போடு. 'காலை சுமார் ஏழே கால் மணியளவில் வழிகாட்டி சின்னராசு என்பவர்...' எழுதிட்டியா? '...யானை ஒன்றே ஒன்று நிற்பதாக மட்டும் கூறினார். ஆபத்து என எச்சரிக்கவில்லை.' அடுத்தது, 'கையால் தடுக்கவும் இல்லை.'"

பேனா நின்றது.

"தடுத்தாரு நைனா."

"எழுதும்மா."

"கைய நீட்டினாரு. நீதான் தூக்கிட்டுப் பூந்து போன."

"நீ இன்னா பாத்த? பின்னால வந்துகினு இருந்த. பனி வேற. எழுது."

சுருக்கெழுத்து வகுப்பில் சகுந்தலா மேடம் முதல் நாளே சொன்ன சட்டம் ஒன்று உண்டு. சொல்கிறவர் தப்பாகச் சொன்னாலும் எழுதுகிறவள் திருத்தக் கூடாது, காதில் விழுந்தது தாளில் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவள் அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள். இப்போது அது வேறு மாதிரி உறைத்தது. காட்டில் அந்த மனிதர் சொன்னதும் காதில் விழுந்ததுதானே? அதை யார் எழுதுவது?

"நான் எழுத மாட்டேன்."

"இன்னா?"

"பொய்யி. எழுத மாட்டேன்."

"ஏய், பஸ்சு ரெண்டு மணிக்கு" என்றாள் பார்வதம் களைத்துப்போய். "சொல்றத எழுதிக் குடுத்துட்டு வாடி. புள்ள வலில துடிக்குது."

"நைனாதான்மா என்னை இஸ்துகினு போச்சு" என்றான் விஷால், அம்மா மடியிலிருந்து.

"வாய மூடுறா!"

அந்த அதட்டலில் விஷால் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் வைஷாலிக்குள் ஏதோ அறுந்தது. பயம் போயிற்று, சந்தேகமும் போயிற்று.

"அவன ஏன் மெரட்டுற? ஓடினியே, அவன வுட்டுட்டு ஓடினியே! என்னைத் தாண்டி ஓடின. அம்மாவத் தாண்டி ஓடின. புள்ள மேல வுழுந்து காப்பாத்தினவரு வெளிய ரத்தத்தோட நிக்கறாரு. அவரு சோத்துல மண்ணப் போட என் கையெழுத்து வேணுமா உனக்கு? சதாசிவத்துக்கு எழுதினேனே, அது பத்தாதா?"

செல்வராஜ் கை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது. கதவருகில் ரேஞ்சர் நின்றிருந்தார்.

"தங்கச்சி, நீங்க பாத்தத நீங்க எழுதுங்க" என்றார் ரேஞ்சர். "சார், உங்களுது நீங்க எழுதுங்க."

அப்பா பெஞ்சின் அந்த மூலையிலும் மகள் இந்த மூலையிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அவள் வேக வேகமாக எழுதினாள். முத்து முத்தான எழுத்து இல்லை அது, கோழி கிளறியதுபோல் இருந்தது. சின்னராசு சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினாள்: 'ஒத்த. ஒத்த நிக்குதுங்க.' கை நீட்டியதை எழுதினாள். அப்பா சொன்னதையும் அப்படியே எழுதினாள்: 'ஒண்டி ஆனைக்கா இந்த பில்டப்பு?' ஃப்ளாஷ், ஓட்டம், துண்டு, பள்ளம் எல்லாவற்றையும் எழுதினாள். தவறு யாருடையது என்று எழுதவில்லை. அந்தக் கட்டம் இந்தத் தாளில் கிடையாது.

ரேஞ்சர் இரண்டையும் நின்றுகொண்டே படித்தார். 'பில்டப்பு' வந்த இடத்தில் உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கவில்லை.

"ஒரு பேப்பர்னா இன்னைக்கே முடிச்சிருவேன். ரெண்டு பேப்பர் ரெண்டு விதமா இருக்குது. விசாரணை வெக்கணும் சார். நீங்க நேர்ல வரணும். ரெண்டு மூணு தடவ ஆகும். மருத்துவ சர்ட்டிபிகேட், எடுத்த போட்டோ, எல்லாம் குடுக்கணும். அது முடியற வரைக்கும் சின்னராசு வேலைல இருப்பாரு."

"போட்டோ எதுக்கு?"

"யானை எவ்ளோ கிட்ட, யாரு எங்க நின்னா, எல்லாம் தெரியுமில்ல."

செல்வராஜ் தோளில் தொங்கிய கேமராவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பஸ்சுக்கு நேரமாச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

"உங்களுது, தங்கச்சி?"

"அது இங்கயே இருக்கட்டும் சார்."

வெளியே வந்தாள். சின்னராசு அதே இடத்தில் நின்றார். அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தோம் என்பது அவர் வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"எல்லாம் எழுதினீங்களா?" என்றார். குரலில் நன்றி இல்லை. கோபம்தான் இருந்தது, காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம். "நீங்க தம்பிக்கு நேர் பின்னாலதான வந்தீங்க? கைக்கு எட்டற தூரம். அப்பா இழுக்கையில தம்பி கையப் புடிச்சு நிறுத்தியிருக்கலாமுல்லங்க? எனக்கும் வீட்டுல ரெண்டு கொளந்தைங்க இருக்குது. அது இன்னும் பத்தடி வந்திருந்தா நானும் இல்ல, தம்பியும் இல்ல. பேப்பர் எழுதறீங்க, எல்லாரும் பேப்பர்தான் எழுதறீங்க."

காட்டில் அந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தாள்? தொடையில் விரலால் கீறிக்கொண்டிருந்தாள். தன்மேல் வந்த கோபம் அப்பாமேல் வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"வைஷு! பஸ்சு!" என்று பார்வதம் கேட் பக்கமிருந்து கத்தினாள். செல்வராஜ் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

வைஷாலி திரும்ப உள்ளே போனாள். "அந்தப் பேப்பர ஒரு நிமிஷம் குடுங்க சார்" என்றாள். கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. நின்றபடியே எழுதினாள்: 'நான் என் தம்பிக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். அவனைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.'

அதன் கீழே இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.